மாடியில் ஆடும் வாஷிங் மிஷின், கீழே உதிரும் சுண்ணாம்பு

கேள்வி: வணக்கம் ஐயா. நெய்வேலி டவுன்ஷிப்பில் தரைத்தள வீட்டில் இருந்தவரை எங்கள் 7 கிலோ ஃப்ரன்ட் லோடு மிஷின் 5 வருடம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடியது. மாமனார் ரிட்டயர் ஆனதும் புதுச்சேரிக்குக் குடிவந்தோம். பழைய காலத்து வீட்டின் மாடி. கீழே வீட்டுக்கார அம்மா இருக்கிறார். மிஷினைக் குட்டியானையில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். இங்கே வந்த நாளிலிருந்து, ஸ்பின் ஆரம்பிக்கும்போது தடால் தடால் என்று அடிக்கிறது. வேகம் பிடித்ததும் அந்த அடி குறைந்துவிடுகிறது, ஆனால் தரையே அதிர்கிறது. துணி எடுக்கப் போனால் மிஷின் ஒரு ஜாண் நகர்ந்து நிற்கிறது. சக்கரம் வைத்த ஸ்டாண்டு வாங்கிப் போட்டேன், அதன்மேல் ரப்பர் பேடும் வைத்தேன். இன்னும் மோசமாகிவிட்டது. விட்டத்திலிருந்து சுண்ணாம்பு உதிர்கிறது என்று வீட்டுக்கார அம்மா வருத்தப்படுகிறார். வந்து பார்த்த மெக்கானிக், டிரம்மையே மாற்ற வேண்டும், அந்தச் செலவுக்குப் புதுசே வாங்கிவிடலாம் என்கிறார். நான் என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: அம்மா, மற்றதையெல்லாம் அப்புறம் பார்ப்போம். இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். ஸ்பின்னை நிறுத்திவிடுங்கள். 'நோ ஸ்பின்' என்று இருந்தால் அதையே வையுங்கள், இல்லாவிட்டால் வேகத்தை இருப்பதிலேயே குறைவாக வைத்து, அதிலும் அடித்தால் ஸ்பின் வரும்போது மிஷினை நிறுத்திவிடுங்கள். நாலு நாள் துணியைக் கையால் பிழிந்து போட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. தடால் தடால் என்று அடித்துக்கொண்டே ஓடும் மிஷினை அப்படியே விட்டால், டிரம் போய் வெளித்தகட்டில் மோதும், கதவு ரப்பர் கிழியும், உள்ளே போகும் ஒயர் அறுபடும். இப்போது சின்னதாக இருக்கும் பழுது, நாளைக்கு அந்த மெக்கானிக் சொன்ன பெரிய பழுதாகவே ஆகிவிடும். கீழே ஒருவர் தலைக்குமேல் சுண்ணாம்பு வேறு உதிர்கிறது. அதைத் தள்ளிப்போடவே கூடாது.

வேகத்தைக் குறைத்தால் அவ்வளவு மாறுமா என்று கேட்பீர்கள். மாறும். கவணில் கல்லை வைத்துச் சுழற்றும்போது கை எப்படி இழுபடுகிறது? கல் அதே கல்தான், வேகம் கூடக்கூட இழுப்பு ஏறுகிறது. டிரம்மின் குறுக்களவு ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் அரை கிலோ ஈரத்துணி ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது என்றால், நிமிடத்துக்கு 1200 சுற்றில் அந்த அரை கிலோ சுமார் 190 கிலோ மூட்டை இழுப்பதுபோல வெளிப்பக்கம் இழுக்கும். அதுவும் ஒரே திசையில் இல்லை. நொடிக்கு 20 தடவை திசை மாறி மாறி இழுக்கும். அதே துணி 800 சுற்றில் சுமார் 86 கிலோ, 600-ல் 50 கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. வேகம் பாதியானால் இழுப்பு கால்வாசி ஆகிவிடுகிறது. அதனால்தான் முதல் மருந்தாக வேகத்தைச் சொன்னேன். இது காய்ச்சலைக் குறைக்கிற மாத்திரை மட்டும்தான். நோய் வேறு இடத்தில் இருக்கிறது.

நான் கடலூரில் 24 வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். ஆடுகிறது என்று கூப்பிடுகிறவர்களில் பாதிப்பேருக்குமேல் எப்போது ஆடுகிறது என்று சொல்லமாட்டார்கள். நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். ஸ்பின் ஆரம்பிக்கும்போது அடிக்கிறது, வேகம் வந்தபிறகு தரை அதிர்கிறது. இந்த ஒரு வரியிலேயே எனக்குப் பாதி விஷயம் தெரிந்துவிட்டது. உங்கள் வீட்டில் இருப்பது ஒரு நோய் இல்லை, இரண்டு. இரண்டும் ஒரே நாளில் வந்ததால் ஒன்றுபோலத் தெரிகிறது.

ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். எவ்வளவு பலமாகத் தள்ளுகிறோம் என்பதைவிட, எந்த நேரத்தில் தள்ளுகிறோம் என்பதுதான் முக்கியம். அது திரும்பி வரும் நேரம் பார்த்து ஒரு விரலால் தள்ளினாலே உயரப் போய்விடும். மிஷினுக்குள் டிரம்மைச் சுற்றியிருக்கும் தண்ணீர்த் தொட்டியான டப்பும் அப்படித்தான். மேலே இரண்டு ஸ்பிரிங்கில் தொங்குகிறது. கீழே இரண்டு, சில மிஷின்களில் மூன்று நான்கு ஷாக் அப்சார்பர் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. ஸ்பின் ஆரம்பித்து நிமிடத்துக்குச் சில நூறு சுற்று வரும்போது, டப்பின் ஆட்டமும் டிரம்மின் சுற்றும் ஒரே தாளத்துக்கு வந்துவிடும். அந்தச் சில நொடி ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. அது பழுதென்றால் அந்த நேரத்தில்தான் அடிக்கும். அந்த வேகத்தைத் தாண்டிவிட்டால் அடி குறைந்துவிடும். நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசலாக இதுதான். முழு வேகத்தில் தரை அதிர்வதும் மிஷின் நகர்வதும் வேறு கதை. அது மிஷினுக்குக் கீழே இருக்கும் சமாச்சாரம்.

கீழே இருப்பதை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதற்குச் செலவு கிடையாது.

பழைய காலத்து வீடு, விட்டம், சுண்ணாம்பு உதிர்கிறது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அது மெட்ராஸ் டெரஸ் என்று நினைக்கிறேன். புதுச்சேரியின் பழைய தெருக்களில் இன்னும் நிறைய இருக்கிறது. கீழ்வீட்டில் நின்று அண்ணாந்து பாருங்கள். சுவருக்குச் சுவர் மரக்கட்டைகள் வரிசையாகப் போயிருந்தால், அவற்றின்மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்திருந்தால், அதுதான். காங்கிரீட் தளம் ஒரே பலகை மாதிரி சுமையைப் பரப்பிவிடும். இது அப்படி இல்லை. மரம் வளைந்து கொடுக்கும், நிமிரும். அதனால்தான் நூறு வருடம் நின்ற வீடுகள் இருக்கின்றன. 65 கிலோ மிஷின் சும்மா நிற்பதை அந்தக் கட்டைகள் பொருட்படுத்தாது. நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடும் எடை அதைவிட அதிகம். ஆனால் நொடிக்கு 20 தடவை உலுக்குவது வேறு. கட்டை வளைந்து வளைந்து நிமிர, கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் நடுவில் இருக்கும் பிடி விட்டுப்போகிறது. வீட்டுக்கார அம்மா காரணம் இல்லாமல் வருத்தப்படவில்லை.

மிஷினை இப்போது எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. அறையின் நடுப்பக்கம் என்றால் அதுதான் இருப்பதிலேயே மோசமான இடம். கட்டை அங்கேதான் அதிகமாக வளையும். கட்டையின் முனை சுவருக்குள் போய் உட்காரும் ஓரமாக, சுவரை ஒட்டி வைத்தால் ஆட்டம் நன்றாகக் குறையும். சுவரைத் தொடாமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள். இந்த மாதிரி வீடுகளில் பிற்காலத்தில் குளியலறையோ சமையலறையோ சேர்த்துக் கட்டியிருப்பார்கள். அந்தப் பகுதி காங்கிரீட் தளமாக இருந்தால் மிஷினை அங்கே கொண்டுபோவது இன்னும் நல்லது. பால்கனியில் மட்டும் வைக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ள தளம் அது.

என்னைக் கேட்டால், வீட்டுக்கார அம்மாவிடம் பேசி, கீழே முற்றத்திலோ பின்கட்டிலோ குழாய்ப் பக்கமாக ஒரு மூலை கேளுங்கள். மழைச்சாரல் படாத இடமாக இருக்கட்டும், எர்த் உள்ள மூன்று துளை பிளக் பாயிண்ட் இருக்கட்டும். அவருக்கும் தலைவலி தீரும், உங்களுக்கும் 1200-ல் ஓட்டலாம். நெய்வேலியில் தரைத்தளத்தில் 5 வருடம் சத்தமே இல்லாமல் ஓடியது என்று நீங்களே சொல்கிறீர்களே.

அப்புறம் அந்தச் சக்கர ஸ்டாண்டு. அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கூட்டிப் பெருக்க வசதி என்று விற்கிறார்கள், ஃபிரிட்ஜுக்கு வைத்தால் பரவாயில்லை. ஃப்ரன்ட் லோடு மிஷினின் கீழ் வைத்தால் ஆடும் பொருளின் கீழே இன்னொரு ஆடும் பொருள். சக்கரத்துக்குப் பூட்டு இருந்தாலும் அந்த பிளாஸ்டிக் சட்டம் நெளியும். அதன்மேல் மெத்தென்ற ரப்பர் பேடு என்றால் மூன்றாவது ஆட்டம். ரப்பர் பேடு கெட்ட பொருள் இல்லை. தரை மட்டமாக, கெட்டியாக இருந்து, நாலு காலுக்கும் ஒரே கனத்தில் கெட்டி ரப்பர் போட்டால் சத்தம் குறையும், வழுக்காமல் நிற்கும். மட்டம் இல்லாத மிஷினுக்கு அது மருந்து ஆகாது. நாலு காலும் நேராகத் தரையில் பதிவதைவிடப் பெரிய மருந்து இதில் கிடையாது.

கால் பதிந்திருக்கிறதா என்று பார்ப்பது இப்படி. பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மிஷின் முன்னால் நின்று, மேல்தகட்டின் இடது முன்மூலையில் ஒரு உள்ளங்கை, வலது பின்மூலையில் ஒரு உள்ளங்கை வைத்து மாற்றி மாற்றி அழுத்துங்கள். அப்புறம் அடுத்த இரண்டு மூலை. கொஞ்சமாவது 'டக்' என்று அசைந்தால், எதிரெதிர் மூலையில் இருக்கும் கால்களில் ஒன்று தரையைத் தொடவில்லை. கட்டிலின் ஒரு கால் தூக்கினால் எப்படியோ அப்படி. குனிந்து பாருங்கள். ஒவ்வொரு காலும் ஒரு மரைத்தண்டு. அதன்மேல் தட்டையாக ஒரு நட் இருக்கும், அதுதான் லாக் நட். ஸ்பேனரால் அதைத் தளர்த்தி, காலைச் சுற்றி உயரம் சரிசெய்யுங்கள். ஒருவர் மிஷினை லேசாகச் சாய்த்துப் பிடித்தால் கால் சுலபமாகச் சுற்றும். எவ்வளவு குட்டையாக வைக்க முடியுமோ அவ்வளவு குட்டையாக வையுங்கள். நீட்டி வைத்த கால் ஆட்டத்தைக் கூட்டும். சில மிஷின்களில் பின்கால் இரண்டும் அசையாமல் இருக்கும், முன்காலை மட்டும்தான் திருப்ப முடியும்.

மட்டம் பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் இருந்தால் நல்லது. செல்போனில் மட்டம் காட்டும் வசதி இருந்தாலும் போதும். மேல்தகட்டின்மேல் பக்கவாட்டில் ஒருமுறை, முன்னும் பின்னுமாக ஒருமுறை வைத்துப் பாருங்கள். நம் ஊர் வீடுகளில் தண்ணீர் ஓடுவதற்காகத் தரையைச் சாக்கடைத் துளைப் பக்கம் சரித்துத்தான் போட்டிருப்பார்கள். அதனால் பார்வைக்கு நேராகத் தெரிவதை நம்பாதீர்கள். மட்டம் வந்ததும் பலபேர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது. லாக் நட்டை மேலே ஏற்றி, மிஷினின் அடித்தகட்டோடு ஒட்டும்படி இறுக்க வேண்டும். இறுக்காமல் விட்டால் அந்த அதிர்விலேயே கால் தானாகச் சுற்றி, பத்து நாளில் பழையபடி ஆகிவிடும். 'போன மாதம்தானே மட்டம் பார்த்தீர்கள்' என்று கூப்பிடுகிறவர்கள் வீட்டுக்குப் போனால், நான் முதலில் தொட்டுப் பார்ப்பது அந்த நட்டைத்தான்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. தேவனாம்பட்டினத்திலும் சரி, முத்தியால்பேட்டையிலும் சரி, உப்புக்காற்றில் கால் துருப்பிடித்து நட்டோடு ஒட்டிக்கொள்ளும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் தண்ணீர் நின்ற வீடுகளில் இதை நிறையப் பார்த்தேன். திருகிப் பார்த்து அசையவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள், தண்டு முறிந்துவிடும். துரு இளக்கும் ஸ்பிரேயோ தையல் மிஷின் எண்ணெயோ விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். கைக்குக் கிடைக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள், அது நாளடைவில் பிசினாகிவிடும்.

சரி, இனி மிஷினுக்குள் இருக்கும் நோய்க்கு வருவோம். குட்டியானையில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு மனசு சங்கடப்பட்டது. புது மிஷின் வரும்போது அதன் பின்பக்கம் மூன்று அல்லது நான்கு நீள போல்ட் இருக்கும். டிரான்சிட் போல்ட் என்று பெயர். தொங்கும் டப்பை வழியில் ஆடாமல் பின்தகட்டோடு இறுக்கிப் பிடிக்கத்தான் அது. வீட்டில் வைத்ததும் கழற்ற வேண்டும். கழற்றாமல் ஓட்டினால் ஷாக் அப்சார்பருக்கு வேலையே இல்லாமல் மொத்த மிஷினும் குதிக்கும். புதுமிஷின் முதல் நாளே வீட்டை அதிரவைத்தால் காரணம் அநேகமாக இதுதான். ஆனால் வீடு மாறும்போது மறுபடி அதை மாட்ட வேண்டும் என்பது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. போல்ட்டே காணாமல் போயிருக்கும்.

டப்போடு காங்கிரீட் எடைக்கல் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். சுற்றும்போது நிலையாக நிற்பதற்காக. அவ்வளவு பாரத்தையும் போல்ட் இல்லாமல் படுக்கவைத்து, நெய்வேலியிலிருந்து புதுச்சேரிவரை ஒவ்வொரு பள்ளத்திலும் வேகத்தடையிலும் தூக்கிப்போட்டால், ஸ்பிரிங் கொக்கியிலிருந்து நழுவும். ஷாக் அப்சார்பரை மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் பின் முறியும், இல்லை கழன்றுவிடும். எடைக்கல்லின் போல்ட் தளரும். மூன்றில் ஒன்று உங்கள் மிஷினில் நடந்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். 5 வருடம் நன்றாக ஓடிய டிரம்மும் பேரிங்கும் அந்த ஒரு பயணத்தில் தேய்ந்துபோக வழியில்லை.

நீங்களே பார்த்துக்கொள்ளலாம். எதையும் கழற்ற வேண்டாம், பிளக் மட்டும் பிடுங்கியிருக்கட்டும். கதவைத் திறந்து டிரம்மின் வாய் வளையத்தையும் அதைச் சுற்றியிருக்கும் சாம்பல் நிற ரப்பரையும் நேருக்கு நேர் நின்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். ஒரு பக்கம் விரல் நுழைகிறது, மறுபக்கம் ரப்பரை உரசிக்கொண்டு நிற்கிறது என்றால், டப் ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஒரு ஸ்பிரிங் கழன்றிருக்கிறது என்று அர்த்தம். இடைவெளி சரியாக இருந்தால், டிரம்மின் மேல்விளிம்பைப் பிடித்துக் கீழே நன்றாக அழுத்திச் சட்டென்று விடுங்கள். ஷாக் அப்சார்பர் நன்றாக இருந்தால் மேலே வந்து ஒரு தடவை அசைந்து நின்றுவிடும். பொம்மைத் தலை மாதிரி இரண்டு மூன்று தடவை ஆடிக்கொண்டிருந்தால் அது போய்விட்டது.

அடுத்து, ஸ்டாண்டை எடுப்பதற்கு முன்னாலேயே ஒன்று செய்துவிடுங்கள். இப்போது மிஷினுக்குக் கீழே இடைவெளி இருக்கிறது. செல்போனில் டார்ச்சைப் போட்டு, வீடியோ ஓடவிட்டு, கீழே நுழைத்து மெதுவாக ஒரு சுற்று சுற்றி எடுங்கள். நிறைய ஃப்ரன்ட் லோடு மிஷின்களுக்கு அடித்தகடு இருக்காது, இல்லை கொஞ்சம்தான் இருக்கும். டப்பிலிருந்து கீழ்ச்சட்டத்துக்குச் சரிவாக இறங்கும், சைக்கிள் பம்பு மாதிரியான குழாய்கள்தான் ஷாக் அப்சார்பர். இடது வலது இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்று தரையைப் பார்த்துத் தொங்கினாலோ, அதன் முனையில் பிளாஸ்டிக் பின் இல்லாமல் வெறும் ஓட்டை தெரிந்தாலோ, ஆள் பிடிபட்டுவிட்டார். அந்த வீடியோவை மெக்கானிக்குக் காட்டுங்கள். வாயால் சொல்வதைவிட அது நன்றாகப் பேசும்.

இப்போது அந்த மெக்கானிக் சொன்னதற்கு வருகிறேன். அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லமாட்டேன். டிரம் மாற்ற வேண்டிய பழுதும் உண்டு, அதன் அடையாளமே வேறு. பேரிங் போனால் ஆட்டத்துக்கு முன்னால் சத்தம் வரும். ஸ்பின் ஏற ஏற விமானம் கிளம்புவதுபோல இரையும். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும், வீடு மாறிய அன்றைக்குத் திடீரென்று வராது. வெறும் டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். வழுவழுவென்று சுற்றினால் பேரிங் நன்றாக இருக்கிறது. மாவு அரைக்கிற மாதிரி கரகர என்றால் போய்விட்டது. டிரம்மின் மேல்விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். டிரம்மும் வெளி டப்பும் சேர்ந்து அசைந்தால் நல்லது. டிரம் மட்டும் தனியாக லொடலொட என்று ஆடினால் பேரிங், இல்லை டிரம்மின் முதுகில் இருக்கும் மூன்று கை உள்ள ஸ்பைடர். அது அலுமினியக் கலவை. உப்புத்தண்ணீரிலும் பிளீச்சிங் திரவத்திலும் அரித்து ஒரு கை முறிந்துவிடும். மிஷினின் பின்பக்கம் துருக்கலந்த பழுப்புத் தண்ணீர் கசிந்த தடம் இருந்தாலும் பேரிங் சீல் போய்விட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

இந்த அடையாளம் எதுவும் இல்லாமல் டிரம்மை மாற்றச் சொன்னால், 'எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள், காட்டுங்கள்' என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக்குறைவு ஒன்றும் இல்லை. நல்ல தொழில்காரர் உட்கார்ந்து காட்டுவார். ஒருவேளை பேரிங்தான் என்றாலும், உங்கள் மாடலில் டப் இரண்டு பாதியாக போல்ட் போட்டு இணைத்ததா, ஒட்டி மூடியதா என்று கேளுங்கள். போல்ட் போட்டது என்றால் பேரிங்கும் சீலும் மட்டும் மாற்றலாம். பேரிங் மேலேயே 6205, 6206 என்கிற மாதிரி எண் அச்சடித்திருக்கும், அதைச் சொன்னால் பேரிங் கடையில் கிடைக்கும். ஒட்டி மூடிய டப் என்றால் அவர் சொல்வதுபோல மொத்தமாக மாற்றுவதைத் தவிர வழி குறைவு. ஷாக் அப்சார்பர் என்றால் அந்தச் செலவில் சிறு பங்குதான் ஆகும். ஒன்றுதான் முறிந்திருக்கிறது என்றாலும் ஜோடியாக மாற்றச் சொல்லுங்கள். ஒன்று புதுசும் ஒன்று பழசுமாக இருந்தால் டப் ஒருபக்கமாக இழுக்கும். கழன்ற ஸ்பிரிங்கை மாட்ட சாமானே வேண்டாம், கூலி மட்டும்தான். ஆனால் அதை நீங்கள் மாட்ட முயற்சி செய்யவேண்டாம். அந்த ஸ்பிரிங்கின் இழுப்பு விரலை நசுக்கிவிடும்.

துணி போடுவதைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 7 கிலோ என்பது காய்ந்த துணியின் எடை. நிறையப் போட்டால்தான் ஆடும் என்று நினைக்கிறார்கள், குறைவாகப் போட்டாலும் ஆடும். ஒரே ஒரு போர்வையை மட்டும் போட்டால் அது ஒருபக்கமாக ஒட்டிக்கொள்ளும், எதிர்ப்பக்கம் ஈடுகட்ட ஒன்றும் இருக்காது. கூட இன்னொரு போர்வையோ நாலு பெரிய துண்டோ போடுங்கள். பெட்ஷீட்டோடு சின்னத் துணிகளைப் போட்டால் பெட்ஷீட் அவற்றையெல்லாம் உள்ளே சுருட்டி ஒரே உருண்டையாக்கிவிடும். அதனால் பெட்ஷீட், வேட்டி மாதிரி பெரியதைப் பெரியதோடு போடுங்கள். ஸ்பின்னுக்குப் போகாமல் திரும்பத் திரும்ப மெதுவாகச் சுற்றிக்கொண்டே நேரம் கூட்டினால், மிஷின் துணியைப் பரப்பப் பார்க்கிறது என்று அர்த்தம். சில கம்பெனி மிஷின்களில் அப்போது திரையில் யு.இ. (UE) என்று வரும். பயப்படாமல் நிறுத்தி, கையால் உதறிப் பரப்பிவிட்டு மறுபடி போடுங்கள். ஜமக்காளத்தைப் போடவே போடாதீர்கள். குழந்தைக்கு விரிக்கும் ரப்பர் ஷீட், மழைக்கோட்டு, தண்ணீர் இறங்காத மெத்தை உறை எதையும் ஸ்பின்னில் விடக்கூடாது. தண்ணீரை உள்ளே தேக்கிவைத்துக்கொண்டு சுற்றும், திடீரென்று ஒருபக்கம் சரியும். மிஷின் கவிழ்கிற அளவுக்குப் போகும்.

இதைப் படிக்கும் மற்றவர்களில் டாப் லோடு வைத்திருப்பவர்களுக்கு ஒன்றிரண்டு வார்த்தை. உங்கள் மிஷினில் டப் நாலு மூலையிலிருந்து சஸ்பென்ஷன் ராடில் தொங்குகிறது. ஒரு ராடு தளர்ந்தாலே டப் சாய்ந்து தகட்டில் இடிக்கும். டப்பின் மேல்விளிம்பில் இருக்கும் பிளாஸ்டிக் வளையத்துக்குள் உப்புநீர் அடைத்திருப்பார்கள், அது ஆட்டத்துக்கு எதிர்ப்பக்கம் ஓடிப்போய் ஈடுகட்டும். அதில் விரிசல் விட்டு நீர் போய்விட்டால் துணி எவ்வளவு ஒழுங்காகப் போட்டாலும் ஆடும். செமி ஆட்டோமேட்டிக் என்றால், ஸ்பின் டப்பில் துணியை அமுக்கி வைத்து மேலே அந்த வட்டத் தட்டைப் போட்டீர்களா என்று முதலில் பாருங்கள். பாதி வீடுகளில் அந்தத் தட்டு பரணில்தான் இருக்கிறது. டப் முழுக்க நிற்கும்வரை கையை உள்ளே விடாதீர்கள். வீட்டில் குழந்தைகளிடமும் சொல்லிவையுங்கள்.

உங்களிடம் திரும்பி வருகிறேன் அம்மா. வீடியோ எடுங்கள், ஸ்டாண்டை எடுங்கள், இடத்தை மாற்றிக் காலைப் பதியுங்கள். துணியே இல்லாமல் வெறும் டிரம்மை ஸ்பின்னில் ஒருமுறை விட்டுப் பாருங்கள். கொஞ்சம் அடித்தாலும் உடனே நிறுத்திவிடுங்கள், ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சரியாகாமல் மறுபடி போட வேண்டாம். வெறும் டிரம் அமைதியாகச் சுற்றித் தரை அதிராமல் இருந்தால், இரண்டு மூன்று கிலோ துணியோடு 800-ல் போடுங்கள். மாடியிலேயே வைத்திருக்கும்வரை 800-க்கு மேல் போகாதீர்கள். வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர், அரைமணி கூடுதலாகக் காய்ந்தால் போகட்டும். சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தை, சுண்ணாம்பு வேலை தெரிந்த பழைய கொத்தனார் ஒருவரை வைத்துக் கீழிருந்து பார்க்கச் சொல்லுங்கள். கட்டையின் முனை சுவருக்குள் போகும் இடத்தில் கரையான் அரிப்போ ஈரமோ இருக்கிறதா என்று அவர் தட்டிப் பார்க்கட்டும். அங்கே சிமென்ட் பூச விடாதீர்கள், சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான் சேரும். அவர் பார்த்துச் சொல்லும்வரை அந்தக் கட்டைகளுக்குமேல் மிஷினை ஸ்பின்னில் ஓட்ட வேண்டாம்.

இன்னொன்று, உங்கள் மாடலுக்கான டிரான்சிட் போல்ட் ஒரு செட் சர்வீஸ் சென்டரில் கேட்டு வாங்குங்கள். வாடகை வீடு, இன்னொருமுறை மாற வேண்டிவரும். ஒரு துணிப்பையில் போட்டு மிஷினின் பின்பக்கத் தண்ணீர்க்குழாயோடு கட்டித் தொங்கவிடுங்கள். அலமாரியில் வைத்தால் அன்றைக்குக் கிடைக்காது. வண்டிக்காரரிடம் நிமிர்த்தியே வைத்துக் கயிறு கட்டச் சொல்லுங்கள்.